நாற்பதாம் அட்டை

அழகாபுரம், சேலம்
11-8-2025

தமிழ்ச்செல்விக்கு,

சாரதாமணி எழுதுகிறேன். நலம். நலமறிய ஆவல் என்று எழுதுவது நமக்குள் இப்போது பொருந்துமா என்று சற்று யோசித்தேன். பிறகு எழுதியே விட்டேன். நலமறிய ஆவல்.

உன் பெயருக்கு ஒரு தடித்த உறை இந்த வீட்டுக்கு வந்தது. உனக்கும் கௌதமனுக்கும் விவாகரத்தாகி மூன்று வருடம் முடிந்தும், உன் பணிப் பதிவுகளில் நிரந்தர முகவரி என் வீடாகவே இருக்கிறது போலிருக்கிறது. மாற்றிக்கொள். முன்னாள் மருமகளின் தபாலை வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டிய சங்கடம் எனக்கு எதற்கு?

உறையைப் பிரித்தேன். பிறர் தபாலைப் பிரிப்பது தவறு என்று எங்கள் கான்வென்ட்டில் முதல் வகுப்பிலேயே சொல்லித் தந்தார்கள். ஏதாவது அவசரமாக இருந்தால் என்ன செய்வது என்று பிரித்தேன். அவசரம் ஒன்றுமில்லை. ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்தக்கூடிய இணையதளங்கள், செயலிகள் பற்றிய பயிற்சிக் கையேடு. எண்பத்து நான்கு பக்கம். முழுவதும் படித்தேன். முன்னுரையில் மட்டும் ஒன்பது பிழைகள், பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று. கௌதமன் பொங்கலுக்குக் கனடாவிலிருந்து மனைவியோடு வருகிறான். மாடி அறையை ஒழித்து வைக்கச் சொல்கிறான். அங்கே உன் பச்சை டிரங்குப் பெட்டி இருக்கிறது. பொங்கலுக்குள் எடுத்துக்கொள். ஆள் அனுப்பாதே. தெரியாதவர்களிடம் பொருளைக் கொடுக்கிற பழக்கம் எனக்கில்லை. நீயே வர வேண்டும்.

உன் தொலைபேசி எண் என்னிடம் இல்லை. கௌதமன் புதுக் கைபேசி வாங்கித் தந்தபோது பழைய எண்களை எல்லாம் அவனே ஏற்றினான். உன்னுடையது மட்டும் ஏறவில்லை. அதனால்தான் பள்ளி முகவரிக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
சாரதாமணி


ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி
கரட்டுப்பட்டி, மேச்சேரி வழி
19-8-2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறேன். உங்கள் கையெழுத்தை உறைமேல் பார்த்ததும் தலைமையாசிரியர் அன்பரசு சார், “யாருங்க டீச்சர் இது, அச்சடிச்ச மாதிரி எழுதியிருக்காங்க” என்று கேட்டார். சேலத்தில் தெரிந்தவர்கள் என்று சொன்னேன்.

முகவரி மாற்றும் படிவத்தை முன்பே வாங்கி வைத்தேன். ஏதாவது வேலை வந்து தள்ளிப்போகிறது. அடுத்த வாரம் கட்டாயம் கொடுத்துவிடுகிறேன். பெட்டியில் இருப்பவை ஆசிரியர் பயிற்சிக் காலத்து நோட்டுகளும் சார்ட்டுகளும்தான். அந்த வீட்டுப் படியேறுவது எனக்கு இப்போது முடியாது, அம்மா. கோபத்தில் சொல்லவில்லை. பெட்டிக்கு வேறு வழி யோசிக்கிறேன்.

உங்கள் பென்சில் வட்டங்களைப் பார்த்துச் சிரித்தேன். எழுபத்திரண்டாம் பக்கத்தில், ‘இதெல்லாம் உண்மையில் நடக்கிறதா?’ என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் நடக்கிறது. பாடப்புத்தகத்தில் உள்ள சதுரக் குறியீட்டைக் கைபேசியால் படித்தால் பாடத்துக்கான காணொளி வரும். எங்கள் ஊரில் இணையம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். முதல் நாள் மாலையே அங்கே நின்று இறக்கிக்கொண்டு போவேன். பெண்கள் எல்லாரும் குடத்தோடு நிற்க, நான் கைபேசியோடு நிற்பேன். “டீச்சருக்குத் தண்ணி வந்துருச்சுங்களா?” என்று கேட்டுக் கேலி செய்வார்கள். பிள்ளை வாசிப்பதைக் கேட்டுத் திருத்துகிற ஒரு செயலியும் உண்டு. அதுவும் நன்றாக இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது பக்கம் ஐம்பத்தாறில் இருக்கும் அட்டை விளையாட்டு. பிள்ளைகளிடம் கைபேசி தேவையில்லை. ஆளுக்கு ஒரு அட்டை. அதில் ஒரு கறுப்புக் கட்டம். நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் இருக்கும். நான் கேள்வி கேட்பேன். எது விடையோ அந்த எழுத்து மேலே வரும்படி பிள்ளை அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். என் கைபேசியை வகுப்பின்மேல் ஒருமுறை ஓட்டினால் யார் என்ன பதில் சொன்னார்கள் என்று வந்துவிடும். பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாது.

நான்காம் வகுப்பில் ஜோதி என்று ஒருத்தி இருக்கிறாள். இரண்டு வருடமாக வகுப்பில் வாயே திறந்ததில்லை. ஒன்றும் தெரியாது போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அட்டை கொடுத்த முதல் நாள், பத்துக்கு ஒன்பது.

என்ன ஒன்று, தாளில் அச்சடித்தவை இரண்டே நாளில் கிழிந்துவிட்டன. அட்டையில் ஒட்ட வேண்டும்.

அன்புடன்,
தமிழ்ச்செல்வி


சேலம்
28-8-2025

தமிழ்ச்செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என்னை ‘அம்மா அவர்கள்’ என்று எழுதியிருக்கிறாய். பதினோரு வருடம் அத்தை என்றுதான் கூப்பிட்டாய். இப்போது அப்படி எழுத உனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறாயோ, மனம் இல்லையோ, தெரியவில்லை. எதுவானாலும் நான் கேட்க மாட்டேன்.

வாசிக்கக் கேட்டுத் திருத்தும் செயலியை என் கைபேசியில் இறக்கிப் பார்த்தேன். ஒரு ஆட்டுக்குட்டியின் கதை. நான் தெளிவாக, நிறுத்தி வாசித்தேன். திரையில் இருக்கிற பெண், “நல்ல முயற்சி! மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள்” என்றாள். மீண்டும் வாசித்தேன். மீண்டும் நல்ல முயற்சி என்றாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெருமாயி எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்கம்மா, இத்தன வருசமா நீங்க ஊரையே திருத்துனீங்க. இந்தப் பொட்டிக்குள்ள இருக்கறவ உங்களையே திருத்தறாளாக்கும்?”

“அவளுக்குக் காது சரியில்லை” என்றேன்.

“நான் படிச்சுப் பாக்குட்டுங்களா?”

பெருமாயிக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ‘ஆடு’ என்ற சொல்லுக்கே அரை நிமிடம் எடுத்துக்கொண்டாள். முடித்ததும் அந்தப் பெண் கைதட்டி மூன்று நட்சத்திரம் கொடுத்தாள். அன்று முதல் பெருமாயி வேலை முடிந்ததும் பத்து நிமிடம் அந்தச் செயலியோடு உட்காருகிறாள். பத்தொன்பது நட்சத்திரம் வைத்திருக்கிறாள். என்னிடம் ஐந்துதான்.

அட்டைகளை எனக்கு அனுப்பு. எத்தனை வேண்டும், என்ன அளவு, என்ன கனம் என்று சரியாக எழுது. கான்வென்ட்டில் கைவேலை வகுப்பில் எனக்கு ஏழு வருடமும் முதல் பரிசு. என் விளிம்பு கோணியதாகச் சரித்திரம் இல்லை. இதை உனக்காகச் செய்கிறேன் என்று எண்ண வேண்டாம். அந்த ஜோதி பெண்ணுக்காகச் செய்கிறேன்.

சாரதாமணி


கரட்டுப்பட்டி
10-9-2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நாற்பது தாள்கள் அனுப்பியிருக்கிறேன். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்த்து முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முப்பத்தொன்பது புதிதாக யாராவது சேர்ந்தால் கொடுக்க. நாற்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கைவேலைக்குக் கூலி.

அட்டை உள்ளங்கையைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தால் போதும். பளபளப்பான தாள் மட்டும் ஒட்ட வேண்டாம். வெளிச்சம் பட்டால் கைபேசிக்குத் தெரியாது. அவசரம் இல்லை. அக்டோபரில் வட்டாரக் கல்வி அலுவலர் பள்ளிக்கு வருகிறார். அவருக்கு இந்த அட்டைப் பாடத்தை நடத்திக் காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்தால் சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு நானே சொல்லிக் கொடுக்கும்படி இருக்கும். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஆசையாகவும் இருக்கிறது.

ஒவ்வொரு அட்டைக்கும் எதிரே ஒரு பெயரைக் கைபேசியில் பதிந்து வைக்க வேண்டும். நேற்று நாற்பதையும் பதிந்தேன்.

பெருமாயி அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

முகவரிப் படிவம் என் பையில்தான் இருக்கிறது. காலாண்டு விடுமுறையில் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
தமிழ்ச்செல்வி


சேலம்
9-10-2025

தமிழ்ச்செல்விக்கு,

முப்பத்தொன்பது அட்டைகளையும் இன்று காலை பார்சலில் அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதம் சாதாரணத் தபாலில் தனியாக வரும். பெட்டிக்குள் போட்டால் அட்டை கசங்கும்.

கடை அட்டை இரண்டு நாளில் வளைந்துவிடுகிறது. வீட்டில் நல்ல கனமான அட்டை கொஞ்சம் இருந்தது, அதையே எடுத்துக்கொண்டேன். பின்பக்கம் பழுப்புத் தாள் ஒட்டியிருக்கிறது. அதைப் பிரிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

உனக்கு அச்சடித்துக் கொடுத்தது யாராக இருந்தாலும் இனி அந்தக் கடைக்குப் போகாதே. நாற்பது கட்டத்தில் ஒன்றாவது முழுதாக இருக்க வேண்டாமா? ஒன்றில் மேல் மூலை இல்லை. ஒன்றில் நடுவில் வெள்ளை. ஒன்றில் பக்கவாட்டில் எலி கடித்ததுபோல் இருக்கிறது. பெரிய அதிகாரி வரும்போது இதையா பிள்ளைகள் கையில் கொடுப்பது? வீட்டில் கறுப்பு மை இருந்தது. அடிக்கோல் வைத்து ஒவ்வொன்றையும் நானே நிரப்பிச் சரிசெய்துவிட்டேன். பதினொரு நாள் ஆனது. முதுகு வலி. ஆனால் நாற்பதும் இப்போது ஒன்றுபோல, அப்பழுக்கில்லாமல் இருக்கின்றன. பார்த்தால் உனக்கே சந்தோஷமாக இருக்கும்.

என் அட்டையைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

நன்றாக நடத்து.

சாரதாமணி


கரட்டுப்பட்டி
27-10-2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று நான்கு நாள் யோசித்தேன்.

பார்சல் முதலில் வந்தது. அலுவலர் வருகிற அன்று காலை. உங்கள் கடிதம் மூன்று நாள் கழித்து வந்தது. பெட்டியைப் பிரித்ததும் பிள்ளைகள் எல்லாம், “அய், புதுசு!” என்றார்கள். வெட்டு அவ்வளவு நேர்த்தி. நீங்கள் செய்தது என்பதால் நான் சோதித்துப் பார்க்கவில்லை. பதினோரு வருடத்தில் உங்கள் கையால் ஒரு பொருள் பிசகிப் பார்த்ததில்லையே.

அலுவலர் பின்வரிசையில் உட்கார்ந்தார். கேள்வி கேட்டேன். முப்பத்தெட்டுக் கைகளும் உயர்ந்தன. கைபேசியை ஓட்டினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி ஓட்டினேன். ஒரு பெயர்கூட வரவில்லை.

அம்மா, அந்தக் கட்டங்கள் அச்சுப்பிழை இல்லை. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு இடத்தில் வெள்ளை விட்டிருப்பார்கள். எந்த இடத்தில் வெள்ளை என்பதை வைத்துத்தான் இது ஜோதி, இது மாதேஷ், இது அமுதவல்லி என்று கைபேசி கண்டுபிடிக்கும். நீங்கள் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டீர்கள். முதலிலேயே இதை நான் எழுதியிருக்க வேண்டும். தவறு என்மேலும்தான்.

அலுவலர் நல்ல மனிதர். “பரவால்லீங்க டீச்சர், இன்னொரு நாளைக்கு வாரேன்” என்றார். ஆனால் ஜோதி அட்டையைக் கீழே இறக்கவே இல்லை. எல்லாரும் போன பிறகும் பிடித்துக்கொண்டே நின்றாள். சரியான விடையைத்தான் பிடித்திருந்தாள்.

மாலையில், அட்டையையாவது மறுபடி பயன்படுத்தலாம் என்று ஒன்றின் பின்பக்கத் தாளை நனைத்து உரித்தேன். அமுதவல்லி பக்கத்தில் நின்றாள். அவள்தான் முதலில் படித்தாள்.

“டீச்சர், இது யாரு கல்யாணப் பத்திரிகைங்க? ‘சௌபாக்கியவதி தமிழ்ச்செல்வி’ன்னு போட்டிருக்குது. ராசிபுரம்னு இருக்குது. ஐயோ டீச்சர், இது நீங்கதானுங்களே!”

மற்றவற்றையும் ஒவ்வொன்றாக உரித்தேன். எல்லாம் அதே. என் கல்யாணப் பத்திரிகை, அம்மா. முப்பத்தொன்பதும்.

வேண்டாத அட்டை என்று வெட்டினீர்களா? அப்படியானால் அதையும் எனக்கே ஏன் அனுப்பினீர்கள்? கோபப்படத்தான் நினைத்தேன். ஆனால் இவை எப்படி இத்தனை வருடம் அந்த வீட்டில் இருந்தன என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் அதே பெட்டியில் திருப்பி அனுப்புகிறேன். என்னிடம் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

தமிழ்ச்செல்வி


சேலம்
21-11-2025

தமிழுக்கு,

மூன்று வாரமாக உனக்கு எழுதவில்லை. பெருமாயியிடம்கூட அதிகம் பேசவில்லை. “அம்மாவுக்குப் பல்லு வலிங்களா?” என்று கேட்டாள். அவளிடம் சொன்னேன், அறுபத்தெட்டு வருடமாகக் கத்தரி பிடிக்கிறவள் முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் பெயரை மை பூசி அழித்துவிட்டேன் என்று. அவள் சிரிக்கவில்லை. “அதுக்கென்னுங்க, திருப்பிச் செஞ்சாப் போச்சு” என்றாள்.

திருப்பிச் செய்தேன். பெருமாயியைக் கூட்டிக்கொண்டு ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு கணினிக் கடைக்குப் போனேன். கையேட்டில் ஐம்பத்தாறாம் பக்கத்தில் இருந்த இணைய முகவரியை நானே தட்டினேன். கடைப் பெண், “பாட்டி, இது ஸ்கூல் பிள்ளைங்களுக்குங்களே” என்றாள். “எனக்கும் ஒன்று இருக்கிறது” என்றேன். நாற்பதையும் எடுத்து அதே அட்டைகளின்மேல் ஒட்டியிருக்கிறேன். மை படவில்லை. வெள்ளை எங்கே இருந்ததோ அங்கேயே விட்டிருக்கிறேன். என் கண்ணுக்கு இன்னும் அவை குறைபட்டவையாகத்தான் தெரிகின்றன. பரவாயில்லை. இந்த முறை நீ சோதித்துப் பார்.

பத்திரிகை விஷயம். நான் ஐந்நூறு போதும் என்று சொல்லியும் உன் மாமா மேலும் நூறு அடிக்கச் சொன்னார். எவரையாவது விட்டுவிட்டால் வருத்தமாகிவிடும் என்பார். மிஞ்சியதை என் பீரோவின் கீழ்த்தட்டில் வைத்தார். அவர் போன பிறகும் அங்கேயே இருந்தது. நீ போன பிறகு அதன்மேல் என் சேலைகளை அடுக்கினேன்.

கௌதமன் வருகிறான். வருகிற பெண் கண்ணில் பட்டால் அவள் மனம் நோகும். எரித்துவிடலாம் என்று மூன்று முறை எடுத்தேன். முடியவில்லை. உன் பெயர் போட்ட தாளை நெருப்பில் போட எனக்குக் கை வரவில்லை. நீ பிள்ளைகளுக்கு அட்டை வேண்டும் என்று எழுதினாய். உன் வகுப்பில், உன் கண் முன்னால் இருக்கட்டும், உனக்குத் தெரியவும் வேண்டாம் என்று ஒட்டினேன். அவ்வளவுதான். அதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

இன்னொன்றை யாரிடமும் சொன்னதில்லை. பட்டம் முடித்த வருடம் எங்கள் தலைமைச் சிஸ்டர் கூப்பிட்டு, “மூன்றாம் வகுப்பு உனக்குத்தான், ஜூனில் வந்து சேர்” என்றார்கள். வீட்டில் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் வேலைக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் பேசாமல் நின்றேன். சிஸ்டருக்கு வரவில்லை என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

முகவரியை மாற்றிவிட்டாயா? மாற்றியிருந்தால் சரி. சும்மாதான் கேட்டேன்.

சாரதாமணி


கரட்டுப்பட்டி
16-12-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

பார்சலும் கடிதமும் வந்தன. உங்கள் கடிதத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். அங்கம்மாள் பாட்டி, “என்ன சாமி, கண்ணுல தூசிங்களா?” என்று கேட்டது. ஆமாங்க பாட்டி என்றேன்.

அட்டைகளை முதல் நாளே சோதித்தேன். முப்பத்தொன்பதும் பேசுகின்றன. வெள்ளிக்கிழமை அலுவலர் மறுபடி வந்தார். முதல் கேள்விக்குக் கைபேசியை ஓட்டியதும் அதோடு இணைத்திருந்த வகுப்புத் தொலைக்காட்சித் திரையில் ஒவ்வொரு பெயராகப் பச்சையானது. தன் பெயர் வந்ததும் பிள்ளைகள் கத்துகிறார்கள். ஜோதி கத்தவில்லை. ஆனால் மூன்றாவது கேள்வியில், பக்கத்தில் இருந்த மாதேஷிடம், “நீ தலைகீழா புடிச்சிருக்கற” என்றாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. என் காதால் நான் கேட்ட அவளுடைய முதல் வாக்கியம் அது. உங்கள் சிஷ்யை போலிருக்கிறது, பேச ஆரம்பித்ததே திருத்தத்தில்.

ஜனவரிக்குப் பிறகு பதினான்கு பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டும் என்று அலுவலர் சொல்லிவிட்டார்.

இப்போது எனக்கு ஒன்று கேட்க வேண்டும். மூன்று வருடமாக மனதில் இருப்பது.

அன்று நீதிமன்றச் சமரச மையத்தில், அவர் கனடாவுக்கு வா என்றார். நான் வேலையை விட்டு வர முடியாது என்றேன். ஒரு ஊராட்சிப் பள்ளிக்காகவா என்று அவர் சிரித்தார். சமரசம் பேசிய அம்மையார் உங்கள் பக்கம் திரும்பி, “நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்று கேட்டார். நான் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். “எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை” என்றீர்கள். அவர் சிரித்தது எனக்கு மறந்துவிட்டது. நீங்கள் சொன்னது மறக்கவில்லை. அதனால்தான் அந்தப் படியேற என்னால் முடியவில்லை.

என் வகுப்பில் வாயைத் திறக்க முடியாதவர்களும் பதில் சொல்கிறார்கள். உங்களிடம் ஒரு அட்டை இருக்கிறது. கேள்வி இதுதான். அன்று உங்கள் மனதில் இருந்தது எது?

ஏ. அவள் வேலையை விட்டுவிட்டு அவனோடு போயிருக்க வேண்டும்.
பி. அவன் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.
சி. உண்மையிலேயே சொல்ல ஒன்றுமில்லை.
டி. சொல்ல இருந்தது. சொல்லவில்லை.

எந்தப் பதிலானாலும் நான் ஏற்றுக்கொள்வேன். பதில் வராவிட்டாலும் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்வேன். பெட்டியை அப்போது பெருமாயி அக்காவுக்கே கொடுத்துவிடுங்கள். முகவரிப் படிவத்தையும் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
தமிழ்ச்செல்வி


சேலம்
19-1-2026

கண்ணு தமிழ்,

பொங்கல் முடிந்து நேற்றுத்தான் கௌதமனும் அவன் மனைவியும் கிளம்பினார்கள். நல்ல பெண். தானாகவே எழுந்து வந்து கோலம் போட்டாள். கோணல்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும்.

உன் கடிதம் அவர்கள் வருமுன்பே வந்துவிட்டது. அவன் இந்த வீட்டில் இருக்கும்போது பதில் எழுதினால் அவனுக்கு ஒளித்து எழுதுவதுபோல் ஆகிவிடும். அவனிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

வந்த அன்றே மாடிக்குப் போனான். “இந்தப் பெட்டி இன்னும் போகலையாம்மா?” என்று அங்கிருந்தே கேட்டான். “அது இந்த வீட்டுப் பெட்டி, அங்கேதான் இருக்கும். நீங்கள் கீழ் அறையில் படுத்துக்கொள்ளுங்கள்” என்றேன். கீழே வந்து என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு என் முகம் தெரியும். கீழ் அறையில் படுத்துக்கொண்டார்கள்.

கிளம்பும்போது அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். “அன்றைக்கு அந்த அறையில் நான் சும்மா இருந்தேன், அது உனக்குச் சாதகமாகப் போய்விட்டது. இனிமேல் அப்படி எண்ணிக்கொள்ளாதே” என்றேன்.  எனக்கு அவன் பதில் தேவைப்படவில்லை.

உன் கேள்விக்குப் பதில் இத்துடன் இருக்கிறது. தபாலில் அட்டை சுழன்று வேறு எழுத்து மேலே வந்துவிடக் கூடாது என்று, நான்கு மூலையிலும் ஊசி போட்டு இந்தத் தாளோடு தைத்திருக்கிறேன். அட்டை கனம். இரண்டு ஊசி முறிந்தது. பெருமாயி, “ஒரு போன் பண்ணிச் சொன்னாத் தீர்ந்துதுங்களே” என்றாள். அவளுக்கு எங்கே புரியப்போகிறது? நூலைப் பிரிப்பதற்கு முன் கைபேசியில் பார்த்துக்கொள்.

அவளுடைய நட்சத்திரம் நூற்று நாற்பது ஆகிவிட்டது. நேற்று எனக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டினாள். நான் மூன்று இடத்தில்தான் திருத்தினேன்.

உன்,
சாரதாமணி


கரட்டுப்பட்டி
24-1-2026

அன்புள்ள அத்தைக்கு,

உறை வந்தபோது வகுப்பில் இருந்தேன். மணி அடிக்கும்வரை பிரிக்கவில்லை. பிறகு தாளை மேசைமேல் விரித்து வைத்தேன். எந்த எழுத்து மேலே இருக்கிறது என்று பார்க்காமலிருக்கக் கண்ணை மூடிக்கொண்டே கைபேசியைப் பிடித்தேன். உங்களைப்போல எனக்கும் கொஞ்சம் ஒழுங்கு உண்டு. மற்ற அட்டைகளைப்போலத்தான் இதையும் படிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஒரே முறையில் படித்துவிட்டது. திரையில் ஒரு பெயர் மட்டும் பச்சையாக வந்தது.

40. அத்தை. டி.

ஜோதி ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தாள். “டீச்சர், அது யாருங்க, நம்ம கிளாஸ்ல அத்தைன்னு?” என்று கேட்டாள். சேலத்தில் இருக்கிறார்கள் என்றேன். “சரியாச் சொன்னாங்களா?” என்றாள். சரியாகச் சொன்னார்கள் என்றேன்.

அந்தப் பெயரை நான் இப்போது எழுதவில்லை. செப்டம்பரில் நாற்பதையும் பதிந்த அன்று எழுதியது. கடிதத்தில் எழுதக் கை வரவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று கைபேசியில் எழுதிக்கொண்டேன்.

நூலைப் பிரிக்கவில்லை. அப்படியே வகுப்பு அலமாரியின் உள்கதவில் மாட்டியிருக்கிறேன்.

முகவரிப் படிவத்தை நேற்று அன்பரசு சார் மறுபடி நினைவுபடுத்தினார். எல்லாம் நிரப்பிக் கொடுத்துவிட்டேன். தற்போதைய முகவரிக்குக் கரட்டுப்பட்டி. நிரந்தர முகவரிக்கு முன்பு இருந்ததையே எழுதினேன். இனி என் பெயருக்கு ஏதாவது வந்தால் நீங்களே பிரித்துப் படியுங்கள். பிழை இருந்தால் வட்டமிட்டு வையுங்கள்.

அடுத்த சனிக்கிழமை, 31-ஆம் தேதி, காலை பஸ்ஸில் வருகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு இருப்பேன். பெட்டி மாடியிலேயே இருக்கட்டும். உங்கள் கைபேசியை மட்டும் சார்ஜ் போட்டு எடுத்து வையுங்கள், என் எண்ணை நானே ஏற்றித் தருகிறேன்.

தமிழ்